ஜிர்கோனியா என்று மட்டும் சொன்னால் போதாது

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது 49. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் போன மாதம் ரூட் கெனால் செய்தார்கள். இப்போது கேப் போட வேண்டும் என்று சொல்லி ஒரு விலை அட்டையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மெட்டல் செராமிக், மூன்று விதமான விலையில் ஜிர்கோனியா, இ.மேக்ஸ் என்று 5,000 ரூபாயில் தொடங்கி 18,000 வரை போகிறது. வாரண்டியும் 5, 10, 15 வருடம் என்று ஏறிக்கொண்டே போகிறது. பெரும்பாலானவை கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்தவையாம். எதைத் தேர்ந்தெடுப்பது? ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்று உடன் வேலை பார்க்கும் டீச்சர் பயமுறுத்துகிறார். நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக என் கணவர் சொல்கிறார். ஜிர்கோனியம் ஒரு உலோகம்தானே, அதை எப்படி 'மெட்டல் ஃப்ரீ' என்கிறார்கள்? ஸ்கூட்டரில் இருந்து விழுந்து மேல் முன்பல் ஒன்றுக்கு 15 வருடத்துக்கு முன் போட்ட கேப்பில் ஈறு ஓரமாகக் கறுப்புக் கோடு தெரிகிறது. அதையும் மாற்றிவிடலாமா? என் அம்மாவுக்கு 30 வருடமாகத் தங்கக் கேப் இருக்கிறது, அதை என்ன செய்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: டீச்சர், கடிதத்தோடு அந்த விலை அட்டையின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் கிளினிக்கிலும் அதேமாதிரி ஒன்று இருக்கிறது. இருபத்தைந்து வருடமாகப் பல் கட்டுவதும் கேப் போடுவதும்தான் என் வேலை. அந்த அட்டையைப் பார்த்துச் சரியாக முடிவெடுத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. புடவைக் கடையில் செய்வதுபோல, மலிவானதும் வேண்டாம், ரொம்ப விலை கூடியதும் வேண்டாம் என்று நடுவில் இருப்பதைத் தொட்டுக் காட்டுவார்கள்.

உங்களுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப்பல்லுக்கு, மேலே பீங்கான் பூசாமல் முழுக்க ஒரே கட்டியில் கடைந்த ஜிர்கோனியா. அதிலும் 3-ஒய் அல்லது 4-ஒய் வகை, அது என்னவென்று கீழே சொல்கிறேன். கூடவே ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை, நைட் கார்டு என்பார்கள். முன்பல்லுக்கு இ.மேக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் லித்தியம் டைசிலிகேட் நல்லது. ஆனால் பழைய கேப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் பல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். 15 வருட வாரண்டிக்காக மட்டும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

'கம்ப்யூட்டரில் கடைந்தது' என்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறார்கள். அது புதிதும் இல்லை, தானாகவே தரமும் ஆகிவிடாது. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் சேர்ந்து, வாய்க்குள் கேமரா வைத்து அளவெடுத்து, ஒரு சின்னப் பீங்கான் கட்டியைக் கடைந்து, அன்றைக்கே நோயாளியின் பல்லில் ஒட்டியது 1985 செப்டம்பரில். அது முழுக் கேப் அல்ல, பல்லின் குழியை நிரப்பும் துண்டு. அன்றைய கட்டி சாதாரண ஃபெல்ஸ்பார் பீங்கான், டீ கப்புக்குத் தூரத்துச் சொந்தம். மெஷின் அப்புறம் நிறைய முன்னேறிவிட்டது. ஆனால் அதற்குள் எந்தக் கட்டியை வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மீதிப் பாதி, பல்லை எப்படிச் செதுக்குகிறோம், எப்படிச் சுடுகிறோம், எப்படி ஒட்டுகிறோம் என்பதில்.

உலோகமா இல்லையா என்ற சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஜிர்கோனியம் உலோகம்தான். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் கிடைக்கும் வெள்ளைப் பீங்கான்தான் ஜிர்கோனியா. அலுமினியச் சட்டி உலோகம், ஆனால் அலுமினியத்தின் ஆக்சைடு படிகமானால் மாணிக்கக் கல். அந்த மாதிரி. ஆக 'மெட்டல் ஃப்ரீ' என்பது பொய் இல்லை. தலைக்கு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தாலும், உலோகக் கேப் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு இது கெடுக்காது. இதன் தாய்க் கனிமமான ஜிர்கான் உங்கள் ஊர்க்காரர்தான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருந்து இல்மனைட், மோனசைட்டோடு சேர்த்துப் பிரித்தெடுப்பது இதைத்தான். பழையகாயலில் அணுசக்தித் துறையின் ஜிர்கோனியம் ஆலையே இருக்கிறது, அணு உலைகளுக்காக. உங்கள் கேப் அந்த மணலில் இருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பல்லுக்கான தூள் வேறு தரம். உலகத்தில் பல கம்பெனிகளின் ஜிர்கோனியாவுக்கும் தூள் ஜப்பானில் இருந்துதான் போகிறது.

எங்கள் லேபுக்கு யாராவது வந்தால் நான் முதலில் காட்டுவது கடைந்து முடித்த, இன்னும் சுடாத ஜிர்கோனியா கேப்பைத்தான். மெஷினில் இருந்து வெளியே எடுத்தால் சாக்பீஸ்போல இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழும், அழுத்திப் பிடித்தால் ஓரம் உதிரும். அளவும் பெரிது, உங்கள் பல்லைவிட நாலில் ஒரு பங்கு கூடுதல். அதைச் சூளையில் வைத்து 1,500 டிகிரி வாக்கில் சுடும்போது, பச்சை மண் பானை சுருங்குவதுபோலச் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து நிற்கும். எவ்வளவு சுருங்கும் என்பது, கேப்பைக் கடைந்தெடுக்கிற வட்டக் கட்டியான டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வேறுபடும். அதனால் டிஸ்க்கின் விளிம்பிலோ பெட்டியிலோ 1.24, 1.25 என்று ஒரு பெருக்கெண் அச்சாகியிருக்கும். டெக்னீஷியன் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான் மெஷின் கடைய ஆரம்பிக்கும். தவறான எண்ணைப் போட்டால் மொத்த வேலையும் குப்பைக்கு. வழக்கமான முறையில் சூடேற்றி ஆறவிட ஒரு ராத்திரி ஆகும். காலையில் கதவைத் திறந்தால் முந்தின நாள் சாக்பீஸாக இருந்தது, தட்டினால் 'டிங்' என்று மணிபோல ஒலிக்கும்.

இந்தப் பீங்கான் இவ்வளவு உறுதியாக இருப்பதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. சாதாரணப் பீங்கானில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே போய்ப் பொருளை இரண்டாக்கிவிடும். ஜிர்கோனியாவில் விரிசல் ஓடத் தொடங்கியதும், அதன் முனையில் இருக்கும் துகள்கள் வடிவம் மாறி 4 சதவீதம் வாக்கில் பருத்துக்கொள்கின்றன. பருத்ததும் பக்கத்தில் இருப்பதை நெருக்கி விரிசலின் வாயை அடைத்துவிடுகின்றன. 1975ல் இதைக் கண்டெழுதிய ஆராய்ச்சியாளர்கள் 'பீங்கான் எஃகா?' என்று கேள்விக்குறியோடு தலைப்பு வைத்தார்கள். துகள்கள் இப்படி உருமாறத் தயாராகக் காத்துக்கொண்டிருக்க வேண்டுமானால் கொஞ்சம் யிட்ரியா, அதாவது யிட்ரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு, கலக்க வேண்டும். எவ்வளவு கலக்கிறோம் என்பதுதான் அந்த 3-ஒய், 4-ஒய், 5-ஒய். உங்கள் அட்டையில் மூன்று விலை இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆனால் அட்டையில் 'கிளாசிக்', 'பிரீமியம்', 'அல்ட்ரா' என்று போட்டிருக்கிறார்களே தவிர, இதைப் போடவில்லை.

இப்போது உங்கள் தோட்டைக் கழற்றிப் பாருங்கள். அமெரிக்கன் டைமண்ட் என்று கடையில் வாங்கியதாக இருந்தால் அதுவும் ஜிர்கோனியாதான். யிட்ரியா போன்றவற்றைக் கூடுதலாகக் கலந்து, துகள்களை 'கியூபிக்' என்ற வடிவத்திலேயே நிறுத்தி வைத்தது. அந்த வடிவத்தில் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய் வரும். அதனால்தான் மின்னுகிறது. ஆனால் அந்தத் துகள்களுக்கு விரிசலைக் கண்டால் பருக்கத் தெரியாது. 5-ஒய் கேப் என்பது இந்தத் தோட்டின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. பல்லைப்போலவே வெளிச்சத்தை உள்ளே விடும், பார்க்க அழகாக இருக்கும், உறுதி குறைவு. 3-ஒய் வெண்மையாக, கொஞ்சம் அடைப்பாகத் தெரியும், ஆனால் முரடு. வளைத்து உடைக்கும் சோதனையில் 3-ஒய் 1,000 மெகாபாஸ்கலையும் தாண்டும். 5-ஒய் 500 முதல் 700 வரைதான் நிற்கும், 4-ஒய் நடுவில். ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஒப்பிடுவதற்கு, 1985ல் கடைந்த ஃபெல்ஸ்பார் பீங்கான் ஜாதிக்கு 100 முதல் 150தான்.

அட்டையில் விலை ஏற ஏற உறுதியும் ஏறுகிறது என்று நினைப்பது இயல்பு. இங்கே பல சமயம் நேர் எதிர். விலை கூடிய 'அல்ட்ரா' என்பது 5-ஒய் ஆக இருந்தால், ராத்திரி பல் கடிக்கும் உங்களுடைய கடைவாய்ப்பல்லுக்கு அது தப்பான தேர்வு. கீழ்க் கடைவாயில் இருப்பதை நீங்கள் வாயைப் பிளந்து காட்டினால்தான் அடுத்தவருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு எதற்கு அமெரிக்கன் டைமண்ட்? மல்டிலேயர் என்று ஒன்று இருக்கிறது. ஒரே டிஸ்க்கில் கீழே அடர் நிறம், மேலே வெளிர் நிறம். சில டிஸ்க்குகளில் நிறம் மட்டுமல்ல, கீழே 3-ஒய், மேலே 5-ஒய் என்று பொருளே மாறும். அப்படியானால் நீங்கள் மெல்லும் பரப்பு எந்த அடுக்கில் வருகிறது என்று கேட்க வேண்டும். டாக்டருக்குத் தெரியாவிட்டால் லேபுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லட்டும். கேட்பதில் தப்பில்லை. கேட்டால் கோபப்படுகிற டாக்டராக இருந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பல் தேயும் என்று உங்கள் தோழி சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜிர்கோனியா நம் எனாமலைவிட மூன்று நான்கு மடங்கு கடினம். ஆனால் எதிர்ப்பல்லைத் தேய்ப்பது அந்தக் கடினத்தன்மை அல்ல, சொரசொரப்பு. அம்மிக்கல்லைக் கொத்தினால்தானே அரைபடும், வழவழப்பாகிவிட்டால் மிளகாய் நசுங்குவதோடு சரி. கண்ணாடிபோலப் பாலிஷ் பண்ணிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லுக்கு ரொம்ப சாது. சோதனைகளில் பழைய பூச்சுப் பீங்கானைவிடக் குறைவாகவே எனாமலைத் தேய்க்கிறது. தொல்லை எங்கே வரும் என்றால் கிளேஸில். லேபில் மேலே மெல்லியதாக ஒரு கண்ணாடிப் பூச்சு அடித்துப் பளபளவென்று அனுப்புவார்கள். மெல்லுகிற இடத்தில் அது நாளடைவில் போய்விடும். அடியில் பாலிஷ் பண்ணாத பரப்பு இருந்தால் அன்றைக்குத் தொடங்கும் உரசல்.

இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல வருடத்துக்கு முன், ஒரு மளிகைக்கடைக்காரருக்குக் கடைவாயில் ஜிர்கோனியா வைத்தேன். கடிக்கும்போது கொஞ்சம் உயரமாக இருக்கிறது என்றார். வைரப் பொடி பதித்த பர் என்ற சுழலும் முனையை வைத்து இரண்டு இடத்தில் தேய்த்தேன், 'இப்போ சரியா?' என்றேன், 'சரி டாக்டர்' என்றார், அனுப்பிவிட்டேன். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அன்றைக்குச் செலவழிக்காத நாலு நிமிடம் அது. இரண்டரை வருடம் கழித்து வந்தார். கேப் போட்டபடியே இருந்தது. மேலே இருந்த அவருடைய சொந்தப் பல்லில் ஒரு வட்டக் குழி, உள்ளே எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் மஞ்சளாகத் தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. நான் தேய்த்த இடத்துக்கு நேர் எதிரே. அதற்குப் பிறகு ரப்பர் பாலிஷரை மூன்று தரத்தில் வாங்கி மேஜையிலேயே வைத்துக்கொண்டேன். உங்கள் வாயில் வைத்த பிறகு டாக்டர் உயரம் குறைத்தால், 'இப்போ பாலிஷ் பண்ணுவீங்களா?' என்று கேட்டுவிடுங்கள். பண்ணி முடித்ததும் நாக்கால் தடவிப் பாருங்கள். நாக்குக்குத் தெரியாத சொரசொரப்பு அபூர்வம்.

இந்த அளவுக்குச் சொன்ன பிறகு மெட்டல் செராமிக்கை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உள்ளே உலோகத் தொப்பி, மேலே பீங்கான். பல பத்தாண்டுகளாக உலகமே அதைத்தான் போட்டது, இன்றைக்கும் கடைவாயில் நன்றாகவே வேலை செய்யும். குறைகள் இரண்டு. மேலே இருக்கும் பீங்கான் சில்லாக உதிரலாம். நிக்கல் கலந்த உலோகமாக இருந்தால் கவரிங் நகை போட்டு அரிக்கிறவர்களுக்கு ஆகாது. இப்போது உள்ளே இருக்கும் உலோகத்தை லேசர் கொண்டு தூளை உருக்கி அடுக்கடுக்காகச் செய்கிறார்கள், டிஎம்எல்எஸ் என்று அட்டையில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, பல்லில் லேசர் அடிப்பார்கள் என்று பயந்து வந்தவர்கள் உண்டு. லேசர் லேபோடு சரி. கையில் காசு கணக்காக இருக்கிறது என்றால் மெட்டல் செராமிக் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஜிர்கோனியாவிலும் ஆரம்ப காலத்தில் மேலே பீங்கான் பூசித்தான் கொடுத்தோம். அதுவும் இதேபோலச் சில்லு உதிர்ந்தது, நேந்திரங்காய் சிப்ஸ் கடித்ததற்கே உதிர்ந்து வந்தவர் ஒருவர் இருந்தார். அதனால்தான் முழுக்க ஒரே கட்டி என்று முதலிலேயே அழுத்திச் சொன்னேன்.

'ஒரே நாளில் கேப்' என்று யாராவது சொன்னால், என்ன பொருள் என்று கேளுங்கள். அந்த வேகத்துக்காகப் பிசினும் பீங்கான் துகளும் கலந்த கட்டிகள் வந்திருக்கின்றன. சுடவே வேண்டாம், கடைந்து பாலிஷ் பண்ணினால் முடிந்தது. சின்ன அடைப்புத் துண்டுகளுக்கு நல்ல பொருள். முழுக் கேப்புக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. 3எம் நிறுவனத்தின் லாவா அல்டிமேட் இந்த வகைதான். கேப்புகள் பல்லில் இருந்து கழன்று வருவதைப் பார்த்து, இதைக் கேப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2015ல் அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. பொருள் உடையவில்லை. மெல்லும்போது லேசாக வளைந்து கொடுத்துக் கொடுத்து ஒட்டு விட்டுவிட்டது. மிருதுவாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்த இடத்தில் வந்த வினை.

சரி, முன்பல்லுக்கு வருவோம். முதலில் அந்தக் கறுப்புக் கோடு நோயல்ல, சொத்தையும் அல்ல என்றே தோன்றுகிறது. 15 வருடத்தில் ஈறு கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், உள்ளே இருக்கும் உலோகத்தின் விளிம்பு வெளியே தெரிகிறது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், அவசரம் இல்லை.

அங்கே இ.மேக்ஸ் ஏன்? இவோகிளார் கம்பெனியின் இந்த லித்தியம் டைசிலிகேட் கட்டி பெட்டியில் இருந்து வரும்போது ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். முதன்முறை பார்க்கிற நோயாளிகள் திடுக்கிட்டுவிடுவார்கள், 'இதையா டாக்டர் வைக்கப் போறீங்க?' என்று. அந்த நீல நிலையில் கட்டி கொஞ்சம் இளசு, மெஷினுக்குக் கடைய வாகு. கடைந்ததும் 850 டிகிரி வாக்கில் சூளையில் வைத்தால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து, நீலம் போய்ப் பல் நிறம் வந்துவிடும். அளவு சுருங்குவது மிக மிகக் கொஞ்சம். ஜிர்கோனியாபோலப் பெரிதாகக் கடைய வேண்டியதில்லை. உறுதி 400, 500 மெகாபாஸ்கல். ஜிர்கோனியாவுக்குக் கீழேதான், ஆனால் முன்பல்லுக்கு அது தாராளம். அதில் கண்ணாடி நிறைய இருப்பதால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் உள்பக்கத்தை 20 நொடி அரிக்க வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் குழிகள் விழும். ஒட்டும் பிசின் அதற்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். இது வாய்க்கு வெளியே செய்கிற வேலை, பயப்பட வேண்டாம். இப்படிப் பல்லோடு ஒன்றாகிவிடுவதுதான் அதன் பலம்.

ஜிர்கோனியாவில் கண்ணாடியே கிடையாது, அமிலம் அதை ஒன்றும் செய்யாது. அதை அலுமினாப் பொடியால் மெல்ல ஊதிச் சொரசொரப்பாக்கி, எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பசையால் ஒட்டுவோம். எச்சில் பட்டுவிட்டால் அதில் இருக்கும் பாஸ்பேட் ஜிர்கோனியாவில் அப்பிக்கொண்டு பசைக்கு இடம் கொடுக்காது. வாயில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, வெறுமனே தண்ணீரில் கழுவித் துடைத்து ஒட்டினால் பிடிப்பு குறையும். அதற்கென்று தனிச் சுத்திகரிப்புப் பசை இருக்கிறது, இல்லாவிட்டால் திரும்பப் பொடி ஊதலாம். மூன்றே மாதத்தில் 'கேப் கையோடு வந்துவிட்டது' என்று வருகிற சில கேப்புகளின் கதை இதுதான். இன்னும் சிலவற்றில் பல்லே குட்டையாக இருக்கும், பிடிக்கச் சுவர் இல்லாமல் கழன்று வரும்.

உங்கள் முன்பல்லில் சிக்கல் என்னவென்றால், அடிபட்ட பல், பெரும்பாலும் ரூட் கெனாலும் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட பல் உள்ளே பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறிப்போயிருக்கலாம். உலோகம் இருந்தவரை அது மறைந்திருந்தது. வெளிச்சம் புகுகிற இ.மேக்ஸை அதன் மேல் வைத்தால், மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு பனியன் போட்டதுபோலத் தெரியும். அதனால் கழற்றிய பிறகு அந்த அடிப்பல்லின் நிறத்தையும் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரொம்பக் கறுத்திருந்தால் அடைப்பு கூடுதலான கட்டியோ, அடியில் 3-ஒய் ஜிர்கோனியா வைத்து முகப்பில் மட்டும் பீங்கான் பூசியதோ எடுக்க வேண்டிவரும். மெல்லும் பரப்பு இல்லாத முன்பல்லில் பூச்சுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை.

நிறம் பார்க்கும் நாளில் பளிச்சென்ற சிவப்போ பச்சையோ உடுத்தாமல் போங்கள், லிப்ஸ்டிக் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பல் உலர்ந்தால் கால் மணி நேரத்தில் ஒரு படி வெளுத்துவிடும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கேப் மறுநாள் தனியாக நிற்கும். பற்களை வெளுக்கச் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள், கேப் அப்புறம் வெளுக்காது.

இனி அந்த வாரண்டி. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நான் பார்த்தவரை அவை பெரும்பாலும் பொருள் உடைந்தால் புதிய கேப் தருவதாகத்தான் சொல்கின்றன. கேப்புக்குக் கீழே சொத்தை வந்தாலோ, பல்லின் வேர் பிளந்தாலோ, ஈறு இறங்கினாலோ அதில் இடம் இல்லை. என் அனுபவத்தில் ஜிர்கோனியா உடைந்து திரும்பி வருவது குறைவு, அடியில் பல் கெட்டுத் திரும்புவதுதான் அதிகம். அந்த வாரண்டி அட்டையில் உங்களுக்குப் பயன்படுவது வேறு: டிஸ்க்கின் பெயர், தயாரித்த கம்பெனி, லாட் எண். அந்த மூன்றும் எழுதியிருந்தால் உங்கள் வாயில் இருப்பது என்னவென்று பத்து வருடம் கழித்தும் தெரியும். ஒருமுறை ஒரு லேப் எனக்கு நல்ல கம்பெனியின் அட்டையை வைத்து, வேறு ஏதோ டிஸ்க்கில் கடைந்ததை அனுப்பியது. நிறம் பொருந்தாததால் சந்தேகப்பட்டு லாட் எண்ணைக் கேட்டேன், ஒரு வாரம் பதில் இல்லை. அன்றோடு அந்த லேபை விட்டுவிட்டேன்.

நல்ல டிஸ்க் வாங்கினாலும் சுடுவதில் கோட்டை விடலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கும் ஒரு காலத்தில் ஜிர்கோனியா உருண்டைகள்தான் வைத்தார்கள். 2001ல் ஒரு தயாரிப்பாளரின் உருண்டைகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே வரிசையாக உடைந்தன. தூள் அதே தூள், சூளையின் வகையை மாற்றியதுதான் வினை. லேபில் அவசரத்துக்கு வேகமாகச் சுடுவதற்கென்றே தயாரித்த டிஸ்க்குகள் இப்போது இருக்கின்றன, அவை பரவாயில்லை. எல்லா டிஸ்க்கையும் அப்படிச் சுடக்கூடாது. 'நாளைக்கே வேண்டும்' என்று லேபை நெருக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

டாக்டர் உங்கள் பல்லைச் செதுக்கும் விதத்தைப் பற்றி ஒன்று. மெஷினில் உள்பக்கத்தைக் கடையும் பர் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அதற்கும் ஒரு தடிமன் உண்டு, சுமார் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர். அதைவிடக் கூரான மூலை பல்லில் இருந்தால் பர் அதற்குள் நுழையாது. மெஷின் சுற்றிலும் கூடுதலாகக் கடைந்துவிடும், கேப் லொடலொடவென்று உட்காரும், இடைவெளியைச் சிமெண்ட் நிரப்பும். ஆகவே செதுக்கிய பல் கூழாங்கல்போல முனை மழுங்கியிருக்க வேண்டும். உயரத்தில் ஜிர்கோனியாவுக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் இருந்தால் நிம்மதி, கடைவாயில் இ.மேக்ஸ் என்றால் ஒன்றரை வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் எந்தப் பொருளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஓரம் எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதற்கு 1971ல் மக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் வைத்த 120 மைக்ரான் என்ற அளவைத்தான் இன்றும் சொல்கிறோம், தலைமுடி ஒன்றிரண்டின் தடிமன். ஒட்டுவதற்கு முன் டாக்டர் கூரான கம்பியால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்ப்பது அதற்காகத்தான். பல்லிடுக்கில் நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'டக்' என்று ஒரு சிறு தடையோடு இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்த இடுக்கில் தினமும் தேங்காய்த் துருவலும் கீரையும் மாட்டும். ஒட்டுவதற்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

நைட் கார்டை விலை அட்டையில் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். உங்களுக்கு அதுதான் முதல் வரி. இரண்டு கேப்பும் வைத்த பிறகு அளவெடுத்தால் போதும். முன்னால் செய்தால் பொருந்தாமல் போய்விடும். ரூட் கெனால் ஆன கடைவாய்ப்பல்லைத் தற்காலிக அடைப்போடு இன்னும் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்கெனவே ஒரு மாதம் ஆகிவிட்டது. அடைப்பு கசியும், பல் பிளக்கும். அந்தப் பக்கம் அவல், கடலை எதையும் கடிக்க வேண்டாம். முன்பல் பள்ளி விடுமுறை வரை காத்திருக்கும்.

அம்மாவின் தங்கக் கேப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைவாய்க்கு அதைப்போலச் சாதுவான, ஓரம் பொருந்துகிற பொருளைக் கடைந்து தர எங்கள் மெஷின்களால் இன்னும் முடியவில்லை என்பது என் கட்சி. தேய்மானமும் ஏறக்குறைய சொந்தப் பல்லைப்போலவே இருக்கும். 'பழசாகிவிட்டது, ஜிர்கோனியா போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்து ஓரத்தில் சொத்தை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொட வேண்டாம். இருந்து கழற்ற நேர்ந்தால், துண்டை மறக்காமல் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள், அது தங்கம்.